பிரிண்டருக்கு ஏழுமலை என்று பெயர்

கம்ப்யூட்டர், பிரிண்டர் பார்க்கிற நம் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நம் முதலாளி கேட்டபோது, எதை எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை. டிரைவர் போடுவது, நெட்வொர்க் முகவரி கொடுப்பது, எந்த வயரை எலி கடித்திருக்கிறது என்று தேடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததை ஃபோனில் பார்த்துக்கொள்வீர்கள். நானோ ஓய்வு பெற்றுத் தவளக்குப்பத்தில் வீட்டோடு இருக்கிறவன். இப்போது நான் கையில் எடுக்கும் ஒரே மிஷின் எங்கள் வீட்டு மிக்சி. அதை நான் தொட்டாலும் என் மனைவிக்குப் பயம்.

அதனால் வேலையைப் பற்றி எழுதப் போவதில்லை. வேலைக்கு நடுவில் வருகிற ஒரு சின்னக் கட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒருவருடைய கம்ப்யூட்டரில் மாட்டிய பிரிண்டரை ஆபீசில் எல்லோருக்கும் பொதுவாக்கும்போது, இதற்கு என்ன பெயர் என்று கேட்டு ஒரு கட்டம் வருமே, அது. நீங்கள் அதைக் கவனிப்பதே இல்லை என்று எனக்குத் தெரியும். கம்பெனி வைத்த பெயரை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை அமுக்கிவிடுவீர்கள். நான் அப்படி விட்டதில்லை. எந்த மேஜையில் பிரிண்டர் இருக்கிறதோ அந்த மேஜைக்காரரின் பெயரை வைப்பேன். நான் போய்வந்த ஆபீஸ்களில் ஒரு பிரிண்டர் சரோஜா, ஒன்று முருகையன், ஒன்று பெரிய மேடம். எழுத்தும் எண்ணுமாகக் கலந்து ஒரு பெயர் இருந்தால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? முருகையன் என்று திரையில் வந்தால், எழுந்து முருகையன் மேஜைக்குப் போய்த் தாளை எடுத்துக்கொள்வார்கள். இதற்காக யாரும் எனக்குச் சால்வை போர்த்தவில்லை. ஆனாலும் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

புதுச்சேரியில் புல்வாருக்குள், அதாவது பழைய ஊருக்குள், ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்பது நமக்கு வேண்டாம். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். சுண்ணாம்புச் சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் கனம். அந்தச் சுவரைத் தாண்டி வைஃபையும் போகாது, வாய்ச்சொல்லும் போகாது. சுவரில் ஓட்டை போட அனுமதி கேட்கலாமா என்றேன். “கேக்கலாம். அது வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்” என்றார் அங்கிருந்த சூப்பிரண்டு மேடம். அதனால் ஏற்கனவே இருந்த ஓட்டைகள் வழியாகவே வயரைக் கொண்டுபோனேன். அவர்கள் வாங்கி வைத்திருந்த பிரிண்டரில் நெட்வொர்க் வயரைக் குத்துவதற்கே இடமில்லை. யாராவது ஒருவர் கம்ப்யூட்டரில் மாட்டித்தான் பொதுவாக்க முடியும். ஹாலின் நடுவில் இருந்த மேஜை வசதியாக இருந்தது. அது ஏழுமலையின் மேஜை.

ஏழுமலை அங்கே கிளார்க். காலாப்பட்டுப் பக்கம் கடலோரக் குப்பத்து ஆள். அப்பா, அண்ணன், சித்தப்பா எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர்தான். நல்ல கறுப்பு, நல்ல சிரிப்பு. நான் வயரை மாட்டிவிட்டு, வழக்கமாக எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்.

“உங்க மிஷின் ஆன்ல இருந்தாதான் மத்தவங்களுக்குப் பிரிண்ட் வரும். நீங்க லீவு போட்டாலும் யாரையாவது ஆன் பண்ணி வைக்கச் சொல்லிடுங்க.”

“அப்ப நான் லேட்டா வந்தா ஆபீசே நின்னுடுமா சார்?”

“பிரிண்ட் நின்னுடும்.”

“அப்ப ஒரு பஸ்ஸு முன்னாடியே வந்துடறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அப்படியேதான் செய்தார். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர்கள் எல்லாம் ஆடி அசைந்து வந்து சேர்வார்கள். தூரத்துக் காலாப்பட்டிலிருந்து ஈசிஆரில் பஸ் பிடித்து வருகிற இவர் அவர்களுக்கு முன்னால் வந்து கம்ப்யூட்டரைப் போட்டு, பிரிண்டரில் தாள் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் டீக்குப் போவார். அரசு தனக்குக் கொடுத்த இன்னொரு பதவி மாதிரி அதை எடுத்துக்கொண்டார்.

நான் வைத்த பெயர் அங்கே நன்றாகவே பிடித்துக்கொண்டது. எல்லோர் திரையிலும் ஆங்கில எழுத்தில் ஏழுமலை. “ஏழுமலைக்குக் குடுத்துட்டேன், எடுத்துக்க” என்பார்கள். “ஏழுமலைக்குப் பேப்பர் இல்லியாம்” என்பார்கள். தாள் சிக்கிக்கொண்டால், “ஏழுமலைக்கு வயித்துல அடைச்சிக்கிச்சு” என்று உள்ளறையிலிருந்து அந்துவான் சாரின் குரல் வரும். அந்துவான் சார் கணக்குப் பிரிவு. பழைய கிறிஸ்துவக் குடும்பம். அந்தச் சுவர்களுக்குள்ளேயே முப்பது வருடம் உத்தியோகம் பார்த்ததில், சாதாரணமாகப் பேசினாலே சத்தம் போடுகிற மாதிரிதான் இருக்கும். ஏழுமலையும் சளைக்காமல் இங்கிருந்து பதில் கொடுப்பார்: “நான் நல்லாதான் இருக்கேன் சார். அவனுக்குத்தான் வயிறு சரியில்ல.”

நான் மாதம் ஒருமுறை பார்வையிடப் போவேன். அந்த ஆபீசுக்குப் போவதென்றால் எனக்குக் கொஞ்சம் உற்சாகமாக இருக்கும். மற்ற இடங்களில் நம்மைப் பார்த்ததும் குறைகளாகத்தான் கொட்டுவார்கள். ஏழுமலை முதலில் உட்காரச் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். பெண் ஒன்று, பிள்ளை ஒன்று, இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு வந்தவர்களுக்கு இது தெரியாது. யாரோ பிரிண்ட் கொடுத்திருக்கிறார்கள். வரவில்லை. திரையில், ஏழுமலை ஆஃப்லைன் என்று வந்திருக்கிறது. அவர் மிஷின் அணைந்திருந்தால் அப்படித்தான் வரும். “என்னா, இன்னிக்கு ஏழுமலை இன்னும் வரல போலருக்கு” என்று அந்துவான் சார் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காலாப்பட்டிலிருந்து ஃபோன் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு பல நாள் அந்துவான் சார் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “நான் சிரிச்சேன் சார். அது சொல்லுது, நான் சிரிக்கறேன்.”

அடக்கம் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் கம்ப்யூட்டருக்குள் போகும் ரகசிய எண் யாருக்கும் தெரியவில்லை. பிரிண்டர் அதில்தான் மாட்டியிருக்கிறது. ஆபீசில் ஒரு தாள் வெளியே வரவில்லை. துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும் அரசாங்க வேலை நிற்காது அல்லவா? போனேன். நாற்காலியின் முதுகில் அவர் துண்டு அப்படியே கிடந்தது. அதை எடுக்கவும் மனமில்லை, அதன்மேல் சாய்ந்து உட்காரவும் மனமில்லை. விளிம்பில் உட்கார்ந்து, நம்மிடம் இருக்கிற பொது ரகசிய எண்ணைப் போட்டு உள்ளே போனேன்.

மிஷின் எழுந்ததும், முதல் நாளிலிருந்து எல்லோரும் கொடுத்துக் காத்திருந்த தாள்கள் எல்லாம் வரிசையாக வர ஆரம்பித்தன. எடுக்க யாரும் எழுந்து வரவில்லை. நான்தான் தட்டிலிருந்து எடுத்து அடுக்கினேன். அவற்றில் ஒன்று, தகவல் பலகையில் ஒட்டுவதற்காக மேடம் தட்டச்சு செய்த இரங்கல் குறிப்பு. அவரும் கைப்பழக்கத்தில் முதல் நாள் அதை ஏழுமலைக்கே கொடுத்திருக்கிறார். சூடு ஆறாத அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போன இடம் என்றும் பார்க்காமல் நான் அழுதுவிட்டேன்.

பெயரை அப்போதே மாற்றியிருக்கலாம். மேடம் மாற்றச் சொன்னார். அந்துவான் சார் வேண்டாம் என்றார். இரண்டு பேரும் அழுத முகத்தோடு இருந்தார்கள். அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் ஒருவருக்கு வலிக்கும் என்று நான் அப்படியே விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். செத்த வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதைவிட வருத்தமாக இருந்தது. நாளாக நாளாக அந்தப் பெயர் வெறும் பெயராகிவிட்டது. “ஏழுமலைக்குக் குடு” என்று சொன்னால் முதலில் எல்லோர் கண்ணும் அவர் நாற்காலிக்குப் போனது. பிறகு போகவில்லை. காரைக்காலிலிருந்து மாற்றலில் வந்த ஒருவர், ஏழுமலை என்பது பிரிண்டர் கம்பெனியின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நான் பார்வையிடப் போனால் ஏழுமலையின் மேஜையில் உடைந்த பஞ்ச், பழைய காலண்டர், யாருக்கும் வேண்டாத ஃபைல்கள் எல்லாம் இருக்கும். மனிதர் போய் ஒரு வருடத்துக்குள் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நானும் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சாதாரணமாகத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஒரு சனிக்கிழமை மேடம் ஃபோன் செய்தார்.

“ஏழுமலை வூட்டம்மாவுக்கு ஆர்டர் வந்துடுச்சு சார். திங்கக்கிழமை இங்கியே ஜாயின் பண்றாங்க. காலியா இருக்கறது அவரு சீட்டுதான். அந்தப் பேரை எடுத்துடுங்க. வந்து உக்காந்ததும் அந்தப் பொண்ணு கண்ணுல அது படக்கூடாது.”

அரசு வேலையில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கோ பிள்ளைக்கோ கருணை அடிப்படையில் வேலை கொடுப்பார்கள். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். வரும் என்று ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த உத்தரவு. மேடம் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. யாருக்குத்தான் சரியாகப் படாது? உடனே போனேன். மேஜையைத் துடைக்கச் சொன்னேன். பிரிண்டருக்கு ஹால் என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு மிஷினாக உட்கார்ந்து பழைய பெயரைச் சுரண்டி எடுத்தேன். மறைந்து கிடக்கும் இடங்களில்கூட விடவில்லை. அப்படி ஒரு சுத்தமான வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. போகும்போது எல்லோரிடமும், இனிமேல் வாய் தவறிக்கூட அந்தப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர் மனைவியின் பெயர் மகேஸ்வரி. பிளஸ் டூ வரை படித்தவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. டைப்பிங் பரீட்சை பாஸ் செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வேலை. மாமனார் வீட்டில் இவர் வேலைக்குப் போவதில் யாருக்கும் விருப்பமில்லை. இவருடைய அம்மா மீன் விற்கிறவர், அவர் ஒருவர்தான் போ போ என்று தள்ளிவிட்டிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

சில வாரங்கள் கழித்து, உள்ளறையில் பிரிண்ட் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். போனதும் மேடம் என்னைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“சார், அந்தப் பொண்ணு வேலைய வுட்டு நின்னுடறேன்னு சொல்லுது. வேற ஆபீசாவது மாத்திக் குடுங்க, இல்லன்னா நாளைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போறேங்குது. இதை வுட்டா மறுபடி வராது சார். ரெண்டு புள்ளைங்க. இத்தினி நாள் அதுங்க பெரியப்பன் கையில ஓடியிருக்கு, எத்தினி நாளைக்கு ஓடும்?”

“ஏன் நிக்கறாங்களாம்?”

“கேட்டா வாயத் தெறக்கல.”

மேடம் வாயைத் திறந்து மெதுவாகச் சொன்ன மற்ற விஷயங்களிலிருந்து எனக்கு ஓரளவு புரிந்தது. வாய் தவறிப் பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில், அந்த அம்மா காதுபட யாரும் பிரிண்ட் என்ற பேச்சையே எடுப்பதில்லை. முன்பு தாள் எடுக்கும் சாக்கில் அந்த மேஜையைச் சுற்றித்தான் கேலியும் சிரிப்பும் நடக்கும். இப்போது தாள் எடுக்க வேண்டியிருக்குமே என்று பாதிப் பேர் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள். மகேஸ்வரி வந்தால் பேச்சு நிற்கிறது. கடுமையாக ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. சொல்லப்போனால் ஒரு வார்த்தையும் சொன்னவர் இல்லை. அந்த அம்மா காலையிலிருந்து மாலை வரை ஃபைல் அட்டையில் எண் எழுதிவிட்டு, யாரோடும் பேசாமல் பஸ் ஏறிப் போகிறார்.

நான் ஹாலைக் கடந்து உள்ளறைக்குப் போனேன். மகேஸ்வரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்துவான் சாரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் மிஷினில் குறை எதுவும் தெரியவில்லை. பிரிண்டர் பக்கம்தான் ஏதோ. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று நான் நினைப்பதற்குள், பக்கத்தில் நின்ற அந்துவான் சார் பழக்க தோஷத்தில் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டார்.

“அம்மா, ஏழுமலை ஆன்ல இருக்காரா பாருங்க.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. ஹாலில் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. அந்த அம்மா அழுதுகொண்டு வெளியே ஓடப்போகிறார், மேடம் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஹாலிலிருந்து குரல் வந்தது. சத்தமான குரல் இல்லை. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“ஆன்லதான் சார் இருக்காரு. பேப்பர்தான் தீந்துபோச்சு.”

தாள் கட்டைப் பிரிக்கும் சத்தம். தட்டை இழுத்து மூடும் சத்தம். பிறகு பிரிண்டர் ஓடத் தொடங்கியது. அந்துவான் சார் கொடுத்த தாள்கள் வந்துகொண்டிருந்தன.

நான் ஹாலுக்கு வந்தேன். மகேஸ்வரி நின்றுகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது, முகத்தில் கோபமும் இருந்தது.

“நீங்கதானே சார் பேரை எடுத்தது?”

“ஆமாம்மா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு எல்லாரும் சொல்லி…”

“என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?”

அவரே தொடர்ந்து பேசினார். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது.

“அவரு வூட்டுக்கு வந்தா தெனமும் இந்தக் கதைதான் சார். எல்லாரும் எங்கிட்டதான் குடுக்கணும், நான் குடுத்தாதான் கவர்மெண்டே நடக்கும்னு. சாப்பிடறப்ப, அப்பா இன்னிக்கு எத்தினி பேப்பர் துப்பினீங்கன்னு புள்ளைங்க கேக்கும். வேலைக்கு வர்றதுக்கு முந்தின நாளு எம்பொண்ணு சொன்னா, அம்மா, அப்பா பேரு கம்ப்யூட்டர்ல இருக்கும், பாத்துட்டு வந்து சொல்லுன்னு. நான் மொத நாளு வந்து அதத்தான் தேடினேன். ஹால்னு இருந்துச்சு.”

மேடம் அறை வாசலில் வந்து நின்றார்.

“எங்க ஊர்ல கடலுக்குப் போற போட்டுக்குப் பேரு எழுதுவாங்க சார். பெத்தவங்க பேரு, செத்தவங்க பேரு. போட்ட வித்துட்டாதான் பேரை அழிப்பாங்க. சரி, இவங்க அவர வித்துட்டாங்க, இனிமே நமக்கு இங்க யாருமில்லன்னு நெனச்சிக்கினேன். அவரு பேச்ச எடுக்கறவங்க இல்ல. அவரு இங்க வேலை பாத்தாருன்னே யாருக்கும் தெரியாத மாதிரி இருந்தீங்க எல்லாரும். வூட்டுக்குப் போனா எம்பொண்ணு வாசல்லியே நிக்குது. இருந்துச்சின்னு பொய் சொல்லிட்டேன்.”

அந்துவான் சார் உள்ளறையிலிருந்து வந்தார். கையில் அந்தத் தாள்கள் இல்லை, அவற்றை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “நான் தெனம் அவனத்தாம்மா நெனச்சிக்கினு இருக்கேன்” என்றார். பிறகு அந்தத் திங்கட்கிழமை காலையில் தான் சிரித்ததைச் சொன்னார். திரையில் என்ன வந்தது, தான் என்ன சொன்னார் என்பதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ஏன் சொல்கிறார் என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக இருந்தது. ஆனால் மகேஸ்வரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேறு ஒருவர், ஏழுமலை தனக்கு சேமநிதிக் கடனுக்கு மனு எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். இன்னொருவர் அவர் கொண்டுவரும் கருவாட்டுத் தொக்கைப் பற்றிச் சொல்லிவிட்டு, பாதியில் நிறுத்திவிட்டார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது நான் செஞ்சது” என்றார்.

அவர் வேலையை விடவில்லை. “போவல மேடம்” என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். டைப்பிங் பரீட்சையில் முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறினார். நான் ஓய்வு பெறும்வரை அந்த ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். திரையில் ஹால் என்று இருந்தாலும் அங்கே எல்லோர் வாயிலும் மறுபடி ஏழுமலைதான். மகேஸ்வரி மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். நம் பக்கத்துப் பெண்கள் பலரைப் போல அவரும் புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழகாதவர். “அவருக்குக் குடுத்திருக்கேன், எடுத்துக்குங்க சார்” என்பார். காரைக்கால்காரர் உட்பட எல்லோருக்கும் அது புரிந்தது.

மகேஸ்வரி ஹாலில் அப்படிப் பேசிய அன்று மாலை நான் கிளம்பும்போது நடந்த ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உண்மையில் நான் நினைத்தது அதைத்தான். நான் முதன்முதலில் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வாடிக்கையாளரின் முகம் வாடுகிறதே என்று முடியாததை முடியும் என்று சொல்லிவிட்டு வராதே, நீ கொடுத்த ஆறுதல் நாளைக்குப் புகாராக வரும் என்பார். வியாபாரத்துக்குச் சொன்னது. எனக்கு அது வேறு விதமாகத் தேவைப்பட்டது.

நான் முற்றத்தில் வண்டியில் பையை மாட்டிக்கொண்டிருந்தேன். மகேஸ்வரி வந்தார். கோபமெல்லாம் வடிந்து, கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார்.

“சார், பேரை மறுபடி வெக்க முடியுமா?”

“இப்பவே வெக்கலாம்மா. ஒவ்வொரு மிஷினாப் போய் மாத்தணும், அவ்வளவுதான்.”

“ஆயுத பூஜைக்குப் புள்ளைங்களக் கூட்டியாரலாம்னு மேடம் சொன்னாங்க. பாக்கணும், பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்குதுங்க. நான் சொன்ன பொய்யி பொய்யில்லாமப் போயிடும்.”

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பையை மறுபடி இறக்கினேன். இரண்டு படி ஏறியிருப்பேன்.

“சார், இன்னொண்ணு. மிஷினு நின்னுபோனா பேருக்குப் பக்கத்துல ஆஃப்லைன்னு வருமாமே, அந்துவான் சார் சொன்னாரே. அது மட்டும் வராம பண்ண முடியுமா?”

சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அன்றைக்கு மட்டும் அந்த அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் புதுச்சேரியில் கரண்ட் போகாத நாள் உண்டா? துடைக்கிறவர் கை பட்டு வயர் கழன்றாலும் வரும். என்றைக்கு வரும், யார் கண்ணில் படும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை அந்தப் பெண்குழந்தை திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வரலாம்.

“முடியாதும்மா” என்றேன். “கரண்ட் நின்னா அது சொல்லத்தான் செய்யும். எங்க யாராலயும் அதைத் தடுக்க முடியாது.”

அவர் பிரிண்டர் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப வேணாம் சார். ஹால்னே இருக்கட்டும். அந்த சேதிய ஒருதபா கேட்டதே போதும்.”